மேடையில் மட்டுமே வழங்கப்படும்

விண்ணப்பம் போட்ட மூன்றாவது நாளே பதில் வந்துவிட்டது. சாவிக்காரருக்குச் சந்தேகம் பிறந்தது அந்த நிமிஷம்தான்.

பேருந்து நிலைய வாசலில், நாலடிக்கு மூன்றடிப் பெட்டிக்கடைக்குள் இருபத்திரண்டு வருஷமாக உட்கார்ந்து, ஊரார் தொலைத்த சாவிகளுக்கு மாற்று அறுத்துக் கொடுப்பவர் அவர். தொட்டதும் திறந்துகொள்கிற பூட்டு ஒன்று கெட்டுப்போனதாக இருக்கும். இல்லையென்றால் நமக்கு முன்னாலேயே யாரோ கைவைத்ததாக இருக்கும். இது அவர் தொழில் சொல்லிக்கொடுத்த பாடம். அரசாங்கம் மட்டும் அதற்கு விலக்கா என்ன?

‘அனைவருக்கும் எட்டும் உயர்கல்விச் சீர்திருத்த இயக்ககம்’ என்று தலைப்பிட்ட தாளில் இரண்டே வரிகள். ‘தங்கள் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு முழு விலக்கு அளிக்கும் ஆணை தயாராக உள்ளது. நேரில் வரவும்.’

அவர் கடிதத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார்.

“நல்ல சேதி வந்தா நாலு பேர் மாதிரி சந்தோஷப்படுங்களேன். என்னமோ கள்ள நோட்டைப் பார்க்கற மாதிரி பார்க்கறீங்க,” என்றாள் மனைவி, தையல் மெஷினிலிருந்து காலை எடுக்காமலே.

“மூணு நாள்ல பதில் போட்டிருக்கான். நம்ம தண்ணிக் குழாய்க்கு எழுதிப் போட்டு மூணு வருஷம் ஆச்சு, ஞாபகம் இருக்கா?”

“அது வேற ஆபீஸ்.”

“ஆபீஸ்தானே?”

மகள் சிரித்தாள். கல்லூரியில் கணிதத்துக்கு இடம் கிடைத்த நாளிலிருந்து அவள் எதற்கெடுத்தாலும் சிரித்துக்கொண்டிருந்தாள். கட்டணம் எவ்வளவு என்று தெரிந்த நாளில் மட்டும் சிரிக்கவில்லை. கடையைப் பூட்டு சாவி சகிதம் விற்றாலும் முதல் வருஷத்தைத் தாண்ட முடியாது. வருகிற புதன்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் கட்டணமோ விலக்கு ஆணையோ போய்ச் சேராவிட்டால், காத்திருப்போர் பட்டியலில் அடுத்து நிற்கிறவருக்கு இடம் போய்விடும்.

இயக்குநரின் அறை ஆறாவது மாடியில் இருந்தது. கதவுக்கு வெளியே தட்டச்சு இயந்திரத்துக்குப் பின்னால் ஓர் இளம்பெண். தற்காலிகப் பணி. அவள் வாயைத் திறக்காமல் கையால் மட்டும் வழி காட்டினாள். அந்தக் கையில் வரவேற்பைவிட எச்சரிக்கையே அதிகமாக இருந்ததாகச் சாவிக்காரருக்குப் பட்டது.

“வாங்க, வாங்க! பயனாளி வந்தாச்சு!” என்று எழுந்தே நின்றுவிட்டார் இயக்குநர். பருத்த உடம்பு, மெலிந்த குரல். “ஆணையில நான் கையெழுத்துப் போட்டாச்சு. முழு விலக்கு. மூணு வருஷத்துக்கும்.”

“ரொம்ப நன்றி சார். குடுத்தீங்கன்னா இப்பவே காலேஜுல கட்டிட்டு...”

“குடுக்கறதா?” இயக்குநர் சிரித்தார். “இங்க எப்படிங்க குடுக்கறது? ஆணை மேடையில மட்டும்தான் வழங்கப்படும்.”

“எந்த மேடை சார்?”

“விழா மேடை. அமைச்சர் தன் கையால குடுப்பார்.” இயக்குநர் உட்கார்ந்து, விரல்களைக் கோத்துக்கொண்டார். “பாருங்க, முன்னெல்லாம் இந்த ஆணையைத் தபால்ல அனுப்பிட்டு இருந்தாங்க. என்ன ஆச்சு? பசங்க பாட்டுக்கு வாங்கிட்டுப் போய்ப் படிச்சுட்டாங்க! ஒருத்தருக்கும் தெரியலை. டாக்டராவும் வாத்தியாராவும் ஆகிட்டுப் போயிட்டே இருக்காங்க, இயக்ககத்தோட பேரைக்கூடச் சொல்றதில்லை. அந்த ஓட்டையை அடைச்சதுதான் எங்களோட சீர்திருத்தம்.”

“விழா என்னிக்கு சார்?”

“அறிவிக்கப்படும்.”

“புதன்கிழமை காலேஜுல கடைசி நாள்...”

“அதுக்குள்ள வந்துடும். மேடைக்கு டெண்டர் விட்டாச்சு. நிதிக்குக் கவலையே இல்லை, கட்டண விலக்குன்னு ஒதுக்கின பணம் அப்படியே இருக்கு.”

சாவிக்காரர் கடிதத்தை மடித்துப் பையில் வைத்தார். “மொத்தம் எத்தனை பசங்களுக்கு சார் இந்த வருஷம்?”

“இலக்கு பத்தாயிரம்.”

“இதுவரைக்கும்?”

“அதான் இலக்குன்னு சொன்னேனே.”

“ஆணையைக் கண்ணால ஒரு தடவை பார்த்துக்கலாமா சார்? தொடக்கூட மாட்டேன்.”

இயக்குநர் மூலையில் நின்ற பச்சை இரும்புப் பீரோவைக் காட்டினார். “அதோ, அதுக்குள்ளதான் இருக்கு. வெள்ளிக்கிழமை என் கையால வெச்சு என் கையால பூட்டினேன். அரசாங்கத்துக்கே தெரியாத பாதுகாப்பு.”

சாவிக்காரர் பீரோவைப் பார்க்கவில்லை. சாவித் துவாரத்தைப் பார்த்தார். தொழில் புத்தி.

துவாரத்தின் குறுக்கே ஒரு சிலந்தி வலை. நேற்றுக் கட்டியதல்ல, தூசு படிந்து கெட்டியாகி, பழைய வலையின் மேல் புதுவலை போட்டு, சிலந்தி மாடிவீடே கட்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை திறந்த பூட்டு!

அன்று அவர் வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தும் கையைத் தட்டில் வைக்கவில்லை. “அந்த ஆளு பொய் சொல்றான்,” என்றார்.

“நீங்க ஆபீசரைப் பார்க்கப் போனீங்களா, பீரோவைப் பார்க்கப் போனீங்களா?” என்றாள் மனைவி.

“ஆபீசர் வாயைத் திறந்தா எதை வேணா சொல்லுவான். பூட்டு திறந்திருந்தா திறந்திருக்கு, இல்லைன்னா இல்லை.”

அடுத்த நாளே ஒத்திகைக்கு அழைப்பு வந்தது.

இயக்ககத்தின் நீண்ட நடையில் சாக்பீஸால் மேடை வரைந்திருந்தார்கள். கழுத்தில் விசிலும் கையில் ஸ்டாப்வாட்சுமாக ஒரு விழா நெறியாளர். அமைச்சராக நடிக்கக் கணக்குப் பிரிவிலிருந்து ஒருவரை அழைத்து வந்திருந்தார்கள். அவர் காலையிலிருந்தே யாருக்கும் பதில் சொல்லாமல் அமைச்சராகவே உட்கார்ந்திருந்தார். ஆணைக்குப் பதில் ஒரு டீத் தட்டு.

“நடம்மா. நில்லு. தட்டை வாங்கு. ம்ஹூம்! தட்டைப் பார்த்துச் சிரிக்கற. அமைச்சரைப் பார்த்துச் சிரிக்கணும். மறுபடியும்!”

பதினேழு தடவை வாங்கினாள். பதினெட்டாவது தடவை நெறியாளர் தலையைச் சொறிந்தார். “எல்லாம் சரியா இருக்கு. ஆனா நிமிர்ந்து நடக்கறியே தாயி. கொஞ்சம் ஏழையா நடக்கக்கூடாதா?”

“நான் ஏழைதான் சார். இப்படித்தான் நடப்பேன்,” என்றாள் மகள்.

“நீ ஏழைங்கறது எங்களுக்குத் தெரியும். பின் வரிசையில இருக்கறவனுக்குத் தெரிய வேண்டாமா?”

அதற்கப்புறம் கண்ணீர். பெயர் படித்து எட்டாவது நொடியில் வர வேண்டும், பன்னிரண்டாவது நொடியில் நிற்க வேண்டும். அதற்கு மேல் போனால் ஒளிபரப்பில் அடுத்த நிகழ்ச்சியைக் கடித்துவிடும். மகள் எவ்வளவு முயன்றும் வரவில்லை. “இதுக்கே அழலைன்னா, காலேஜ் போய் எப்படிப் படிக்கப் போறியோ!” என்று அலுத்துக்கொண்டார் நெறியாளர். தட்டச்சுப் பெண் குனிந்து டைப் அடித்துக்கொண்டே இருந்தாள். ஒத்திகை நடந்த இரண்டு மணி நேரமும் அவள் தாள் மாற்றவே இல்லை என்பதைச் சாவிக்காரர் கவனித்தார்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வந்துவிட்டார் புகைப்படக்காரர். சுற்றிலும் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். “லைட்டை அணைங்க. வெளிச்சம் ஜாஸ்தி, வறுமை விழ மாட்டேங்குது.”

“லைட்டை அணைச்சுட்டா நான் எப்படி சார் படிச்சிருப்பேன்?” என்றாள் மகள்.

“அதைத்தானே சாதனைன்னு போடப் போறோம்!”

தையல் மெஷினை எடுத்துவிடச் சொன்னார். வருமானம் மாதிரி தெரிகிறதாம். மனைவி மெஷின் மேல் சாய்ந்து நின்றுகொண்டாள். “இதை எடுக்கணும்னா என்னையும் சேர்த்துத் தூக்குங்க தம்பி.” கடைசியில் அவளையும் மெஷினையும் விட்டுவிட்டு, மகளைச் சுவரோரம் நிறுத்தி எடுத்துக்கொண்டு போனார். மறுநாளே அந்தப் படம் பேருந்து நிலையத்தில் ஆள் உயரத்துக்குத் தொங்கியது. ‘கல்வி இனி எட்டும் தூரத்தில்!’ அதன் கீழே உட்கார்ந்துதான் சாவிக்காரர் சாவி அறுத்துக்கொண்டிருந்தார். வாடிக்கையாளர்கள் வாழ்த்திவிட்டுப் போனார்கள். “பொண்ணு காலேஜுக்குப் போகுதாமே?” இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. ஆமாம் என்று சொல்லவும் வரவில்லை.

விழா திங்கட்கிழமை என்றார்கள். அமைச்சர் மலிவான கல்வி எப்படி இருக்கும் என்று பார்க்க வெளிநாடு போயிருந்ததால் செவ்வாய்க்குப் போனது. செவ்வாயன்று திரைச்சீலையின் நிறம் அமைச்சருக்குப் பிடிக்கவில்லை. புதன்கிழமை மாலை மூன்று மணி என்று முடிவானது. கல்லூரிக் கவுண்ட்டர் மூடுவது ஐந்து மணிக்கு.

புதன்கிழமை பகல் ஒரு மணிக்குக் கடைக்குத் தொலைபேசி வந்தது. தட்டச்சுப் பெண்.

“அண்ணே, கருவிப் பெட்டியை எடுத்துட்டு உடனே வாங்க. தங்கச்சியையும் கூட்டிட்டு வாங்க.”

“கருவிப் பெட்டி எதுக்கும்மா?”

“பீரோவுக்குச் சாவி இல்லை.”

அவர் கையிலிருந்த அரத்தைக் கீழே வைத்தார். பிறகு, “எப்போலேருந்து?” என்றார்.

“நீங்க வாங்க அண்ணே.” அழைப்பைத் துண்டித்துவிட்டாள்.

ஆறாவது மாடியில் இயக்குநர் வியர்த்துக்கொண்டிருந்தார். நேரடி ஒளிபரப்பாம். ஆணையைக் காமிரா நெருக்கத்தில் காட்டப் போகிறதாம். டீத் தட்டு உதவாது. உண்மையான தாள் வேண்டும், உண்மையான முத்திரையோடு. அச்சடித்த ஆணைத் தாள்களெல்லாம் பீரோவுக்குள்தானாம்.

“சீக்கிரம் திறங்க. போன இயக்குநர் மாறுதல்ல போறப்போ சாவியையும் கொண்டு போயிட்டார்.”

சாவிக்காரர் பெட்டியைக் கீழே வைத்தார். “போன இயக்குநர் கொண்டு போன சாவியை வெச்சு, நீங்க வெள்ளிக்கிழமை எப்படி சார் பூட்டினீங்க?”

இயக்குநர் அவரை உற்றுப் பார்த்தார். “அதெல்லாம் நிர்வாக ரகசியம். கேக்கக்கூடாது.”

“கேக்கலை சார்.” சாவிக்காரர் பெட்டிக்குள்ளிருந்து தடித்த அட்டை போட்ட நோட்டு ஒன்றை எடுத்தார். “ஆனா இதுல ஒரு கையெழுத்து வேணும். யார் பூட்டு, உள்ள என்ன இருக்குன்னு சொந்தக்காரங்க எழுதிக் குடுத்தாத்தான் நான் கம்பியை உள்ள விடுவேன். எங்க தொழில் வழக்கம். இல்லைன்னா நாளைக்கே உள்ள வைரம் இருந்துச்சு, காணோம்பாங்க. போலீஸ் என்னைத்தான் வந்து தூக்கும்.”

“ஒரு சாவிக்காரனுக்கு நான் எழுதிக் குடுக்கணுமா?”

“வேண்டாம்னா விட்டுடுங்க சார். எனக்கும் கடையில வேலை கிடக்கு.”

மணி ஒன்றே முக்கால். இயக்குநர் கதவைப் பார்த்துக் கத்தினார். “ஏம்மா! இதுல என்ன எழுதணுமோ எழுதி எடுத்துட்டு வா!”

தட்டச்சுப் பெண் நோட்டை வாங்கிக்கொண்டு தன் மேஜைக்குப் போனாள். “உள்ள என்ன இருக்குன்னு எழுதறது சார்?” என்று அங்கிருந்தே கேட்டாள்.

இயக்குநர் சாவிக்காரரைப் பார்த்தார். பிறகு அவருடைய மகளைப் பார்த்தார். இத்தனை நாள் சொன்னதை இப்போது மாற்ற முடியாது. “இந்தப் பொண்ணோட ஆணைதான்னு எழுது! வேற என்ன?”

அவள் நிதானமாக எழுதினாள். நோட்டைக் கொண்டுவந்து வைத்தாள். இயக்குநர் படிக்கவில்லை. படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது எழுத்தர்களின் வேலை. படிக்காமல் போடும் நிலைக்கு உயரத்தானே அவர் இருபத்தெட்டு வருஷம் உழைத்திருந்தார்? பேனா ஒரு சுழற்று சுழன்றது. முத்திரைப் பெட்டி பக்கத்திலேயே இருந்தது. பழக்க தோஷத்தில் அவரே ஓங்கி ஒன்று குத்தினார்.

சாவிக்காரர் குனிந்தார். சிலந்தியை ஓரமாக ஊதிவிட்டு வளைந்த கம்பியை உள்ளே விட்டார். காதைக் கதவில் வைத்தார். இரண்டு நெம்பல், ஒரு தட்டு.

பீரோ திறந்தது.

உள்ளே மகளின் ஆணை இல்லை. ஆனால் பீரோ காலியாகவும் இல்லை. நாடாவால் கட்டிய கத்தை கத்தையாக ஆணைகள். ஒவ்வொன்றிலும் கையெழுத்து, முத்திரை, ஒரு பிள்ளையின் பெயர். எல்லாவற்றிலும் ஒரே தேதி. நான்கு வருஷத்துக்கு முந்தையது.

“இது எல்லாம் என்ன சார்?” என்றாள் மகள். அவள் குரலில் சிரிப்பு இல்லை.

இயக்குநரின் முகமோ மலர்ந்துவிட்டது. “அடடே! தயாராவே இருக்கு! இது பழைய விழாவுக்கு அடிச்சது. அந்த வருஷம் அமைச்சர் மாறிட்டதால விழா நடக்கலை.”

“விழா நடக்கலைன்னா... இந்தப் பசங்க?”

“விழா நடக்கலையே! எப்படிக் குடுக்க முடியும்?” இதில் என்ன புரியவில்லை என்பதுபோல் பார்த்தார் இயக்குநர். “சரி, ஏதாவது ஒண்ணை எடுங்க. பேரை விரலால மறைச்சுக்கலாம்.”

அப்போதுதான் எல்லோரும் தட்டச்சுப் பெண்ணைப் பார்த்தார்கள். மேல் கத்தையைப் பிரித்து, இரண்டாவது தாளையோ மூன்றாவது தாளையோ கையில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றிருந்தாள்.

“இது என் பேரு,” என்றாள்.

அவள் தாளைத் திருப்பிக் காட்டினாள்.

“வேதியியலுக்கு இடம் கிடைச்சிருந்துது. ஆணை வரும் வரும்னு கேட்டுக் கேட்டு இந்த ஆபீசுக்கே நடந்தேன். நடக்கறதுதான் நடக்கற, டைப் தெரியுமான்னு கேட்டு உட்கார வெச்சாங்க.” அவள் பீரோவைப் பார்த்தாள். “நாலு வருஷமா இதுக்கு ஆறடி தள்ளித்தான் உட்கார்ந்திருக்கேன்.”

இயக்குநர் உண்மையான அனுதாபத்தோடு தாளை எட்டிப் பார்த்தார். “சே, வயசு வரம்பு போன வருஷத்தோட போயிடுச்சேம்மா. முன்னாடியே சொல்லியிருக்கக்கூடாதா?” பிறகு சட்டென்று பிரகாசமானார். “ஒண்ணும் கெட்டுப் போகலை! நீயே மேடை ஏறிடு! பேரை மறைக்கவும் வேண்டாம், தாளும் அசல், ஆளும் அசல். இந்தப் பொண்ணுக்குத்தான் அழுகையே வரலையே!”

தட்டச்சுப் பெண் தாளைக் கத்தையின் மேல் திரும்ப வைத்தாள். “சரி சார்,” என்றாள். கத்தைகள் முழுவதையும் எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள்.

“அவ்வளவும் எதுக்கு?”

“மேடையில அடுக்கி வெச்சா இலக்கு மாதிரி தெரியும் சார்.”

“பிரமாதம்!” என்றார் இயக்குநர். “உனக்கு வேலை நிரந்தரம் பண்றதைப் பத்தி யோசிக்கறேன்.”

வெளியே நடையில் அவள் சாவிக்காரரின் கையில் நோட்டைத் திணித்தாள். “காலேஜுக்கு ஓடுங்க அண்ணே.”

“ஆணைதான் இல்லையேம்மா.”

“நான் எழுதினதைப் படிக்கலையா?”

படித்தார். மேலே மகளின் பெயர். அதன் கீழ், ‘இம்மாணவியின் மூன்றாண்டுக் கல்லூரிக் கட்டணம் முழுவதற்கும் இதன்மூலம் விலக்கு அளித்து ஆணையிடுகிறேன். அசல் ஆணை எனது அலுவலகப் பீரோவில் உள்ளது. தேவைப்படுவோர் அங்கு வந்து தேடிக்கொள்ளலாம்.’ கீழே கையெழுத்து. வட்ட முத்திரை. இன்றைய தேதி.

சாவிக்காரர் முத்திரையை மறுபடி பார்த்தார். “இது செல்லுமா?”

“நாலு வருஷமா இங்க என்னென்ன செல்லுதுன்னு பார்த்துட்டுத்தான் எழுதியிருக்கேன்.”

“அக்கா, நீங்க?” என்றாள் மகள்.

“எனக்கு ஏழையா நடக்கத் தெரியும்மா. நீ போ.”

கல்லூரிச் சேர்க்கைக் கவுண்ட்டரில் நீண்ட வரிசை. பேருந்து இரண்டு மாறி அவர்கள் வந்து நின்றபோது மூன்றரை. முன்னால் இருபது பேர். சுவரில் ஒரு தொலைக்காட்சிப் பெட்டி ஓசையைக் குறைத்து ஓடிக்கொண்டிருந்தது. விழா வழக்கம்போல் தாமதம். அமைச்சர் அப்போதுதான் காரிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்.

நான்கரைக்கு அவர்கள் முறை வந்தது. கண்ணாடிக்குள் இருந்த எழுத்தர் நோட்டை வாங்கினார். மூக்குக் கண்ணாடியை ஏற்றினார், இறக்கினார். ஒரு பக்கம் முன்னால் புரட்டினார்.

“‘ஸ்கூட்டர் டிக்கி திறந்தது. உள்ளே: ஹெல்மெட், வெங்காயம் ஒரு கிலோ.’ என்னய்யா இது?”

“அடுத்த பக்கம் சார்,” என்றார் சாவிக்காரர்.

எழுத்தர் அடுத்த பக்கத்தைப் படித்தார். சாவிக்காரரைச் சந்தேகமாகப் பார்த்தார். மகளைப் பார்த்தார். முத்திரையை விரலால் தேய்த்தார்; மை லேசாக ஒட்டியது. “ஆணையிடுகிறேன்னு இருக்கு. கையெழுத்து இருக்கு. சீல் ஈரமா இருக்கு,” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். “எந்தத் தாள்ல எழுதணும்னு விதியில எங்கயும் சொல்லலை.” பக்கத்தை அளவுகோல் வைத்துக் கிழித்தார். கோப்பில் கோத்தார். ரசீதில் மகளின் பெயரை எழுதி, ‘கட்டணம்: இல்லை’ என்று போட்டு, கண்ணாடிக்கு அடியில் தள்ளினார்.

மகள் அதை எடுத்தாள். எட்டு நொடி ஆயிற்றா பன்னிரண்டு ஆயிற்றா தெரியாது, அழுதாள். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

“அப்பா, அங்க பாருங்க.”

தொலைக்காட்சியில் தட்டச்சுப் பெண் மேடையில் நின்றிருந்தாள். அமைச்சர் தாளைக் கொடுத்துவிட்டுக் காமிராவைப் பார்த்துச் சிரித்தபடி அப்படியே நின்றார். அவள் ஒலிபெருக்கி முன்னால் போய்த் தன் ஆணையைப் படித்தாள். தேதியையும் சேர்த்துப் படித்தாள். கூட்டம் கைதட்டியது. அமைச்சரும் தட்டினார். அவள் அதைக் கீழே வைத்துவிட்டு இரண்டாவது தாளை எடுத்தாள். இன்னொரு பெயர், அதே தேதி. மறுபடி கைதட்டல், கொஞ்சம் குறைவாக. மூன்றாவது. நான்காவது. ஓரத்தில் நெறியாளர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஊதலாமா வேண்டாமா என்று தவித்தார். இயக்குநரின் பாதி உடம்பு திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து கையை ஆட்டியது. நேரடி ஒளிபரப்பு, சிரித்தபடி நின்ற அமைச்சரால் நகரவும் முடியவில்லை, சிரிப்பை எடுக்கவும் முடியவில்லை. மேஜையில் அடுக்கியிருந்த கத்தைகள் அவள் தோள் உயரத்துக்கு இருந்தன.

வரிசையில் பின்னாலிருந்து ஓர் அம்மாள், “ஏங்க, அது நம்ம பெரியவ பேரு!” என்று வீறிட்டாள்.

எழுத்தர் பேனாவை மூடினார். எழுந்து, கண்ணாடித் திறப்பு வழியே தலையை முழுசாக வெளியே நீட்டினார்.

“யாருப்பா அங்க டிவிகிட்ட நிக்கறது? சத்தத்தைக் கூட்டு.”